ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளி?

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் எனக்கு வந்த முதல் மெமோவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். 'மேற்படி நோயாளிக்கு இரவு 11 மணிக்குப் பிறகு நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சுவாசம் ஆகியவை கேஸ் ஷீட்டில் பதியப்படாதது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் அளிக்கவும்' என்று கேட்டிருந்தார்கள். நோயாளியின் பெயர், கட்டில் எண், வார்டு எண், தேதி, என் பெயர் எல்லாம் அதில் உண்டு. அன்றிரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், எத்தனை செவிலியர் இருந்தோம் என்ற விவரம் மட்டும் இல்லை.

நோயாளிகள் 46 பேர். செவிலியர் நான் ஒருத்தி.

அது தென்மாவட்ட மருத்துவமனை ஒன்றின் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு. கட்டில்கள் 30தான். மீதிப் பேர் கட்டில்களுக்கு நடுவிலும் வராந்தாவிலும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். இரவு ஏழு மணிக்கு டூட்டி ஏறினால் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் இறங்க வேண்டும். பகல் டூட்டி சிஸ்டரிடம் ஓவர் எடுத்து முடிக்கும்போதே எட்டேகால் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இரவு ஊசிகள், டிரிப் மாற்றுவது, ஒருவருக்கு ரத்தம் ஏற்றுவது, அவசரமாக வந்த இரண்டு கேஸ்களுக்குப் படுக்கை ஏற்பாடு செய்வது என்று நேரம் ஓடியது.

பதினொன்றரை மணி இருக்கும். குடல்வால் வெடித்து அறுவைச் சிகிச்சை ஆகியிருந்த ஒரு பையனின் அம்மா ஓடிவந்தார். "சிஸ்டரம்மா, புள்ள மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. கை காலெல்லாம் சில்லுனு இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க தாயி" என்றார். போய்ப் பார்த்தேன். நாடி பறந்துகொண்டிருந்தது, பி.பி. இறங்கியிருந்தது. டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. பையன் பிழைத்தான்.

அதே வார்டின் கடைசி வரிசையில் குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர் இருந்தார். அவருக்குத் துணைக்கு யாரும் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்து சேர்த்த உறவினர் அன்று மாலையே திரும்பிப் போய்விட்டார். பதினொரு மணிக்கு நான் பார்த்தபோது பெரியவர் என்னிடம் தண்ணீர் கேட்டார். மறுபடி நான் அவரிடம் போனது அதிகாலை நாலே முக்காலுக்கு. உடம்பு குளிர்ந்திருந்தது. மெமோ அவருக்காகத்தான் வந்தது.

33 ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றுவிட்டேன். எத்தனையோ முகங்கள் மறந்துபோயின. அந்தப் பெரியவர் தண்ணீர் கேட்ட குரல் மட்டும் மறக்கவில்லை. பையனைக் கவனித்தது அவன் அம்மா. பெரியவரைக் கவனிக்க ஆள் இல்லை. அன்றிரவு அந்த வார்டில் உயிரையும் சாவையும் பிரித்தது இந்த ஒரு வித்தியாசம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை விளக்கக் கடிதத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. 'இனி இவ்வாறு நேராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த டூட்டியிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சின்ன டைரி ஒன்றில் தேதி, வார்டு, நோயாளிகள், செவிலியர் என்று நான்கு கட்டம் போட்டு எழுதத் தொடங்கினேன். 38-க்கு 1. 52-க்கு 2. 41-க்கு 1. எதற்காக எழுதுகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அதற்கான விடை 2005-இல் கிடைத்தது. நான் டிப்ளமோ படித்துப் பணிக்கு வந்தவள். பணியில் இருந்துகொண்டே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க அந்த ஆண்டு இடம் கிடைத்தது. ஆராய்ச்சிப் பாடம் எடுத்த மேடம் ஒரு ஆங்கிலக் கட்டுரையின் ஜெராக்ஸைக் கொடுத்து, வகுப்பில் எடுத்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் 2002-இல் வெளியான கட்டுரை அது. எழுதிய குழுவின் முதல் பெயர் லிண்டா எய்கன். அவரும் செவிலியராகத் தொடங்கியவர்தான். பிறகு சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரியில் மருத்துவமனைகளின் விளைவுகளையும் கொள்கைகளையும் ஆராயும் மையத்தை உருவாக்கினார்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகள், 10,184 செவிலியர்கள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 நோயாளிகள். இத்தனையையும் சேர்த்துவைத்து அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: ஒரு செவிலியரின் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், அந்த நோயாளிகளில் எத்தனை பேர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள்? நோயாளியின் வயது, நோயின் கடுமை, மருத்துவமனையின் அளவு, அங்குள்ள தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கெல்லாம் கணக்கில் இடம் கொடுத்த பிறகு கிடைத்த விடை இது: செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், நோயாளி 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7% கூடுகிறது. நான்கு பேரைப் பார்க்கும் செவிலியரிடம் எட்டுப் பேரைக் கொடுத்தால் அந்த வாய்ப்பு 31% கூடுகிறது.

என் டைரியைக் கையில் எடுத்தேன். எட்டு என்ற எண் அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பென்சில்வேனியாவின் கணக்கை அப்படியே 46 வரைக்கும் நீட்டிவிடக் கூடாது என்பதை மேடம் முதலிலேயே எச்சரித்திருந்தார். அளந்து பார்க்காத இடத்தைப் பற்றிப் பேச எந்த ஆய்வுக்கும் உரிமை இல்லை. ஆனாலும் மெமோவில் விடுபட்டுப்போன எண்ணை, யாரோ ஒரு செவிலியர் உலகத்தின் இன்னொரு மூலையில் உட்கார்ந்து, உயிரோடு சம்பந்தப்பட்ட எண் என்று நிரூபித்திருந்தார். அந்தக் கட்டுரையை வகுப்பில் எடுத்துச் சொன்னபோது எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

அதில் இன்னொரு கருத்தும் இருந்தது. 'காப்பாற்றத் தவறுதல்' என்று அதைச் சொல்லலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, மூச்சுத்திணறல் போன்ற சிக்கல்கள் எந்த மருத்துவமனையிலும் வரும். சிக்கல் வந்தவர்களில் எத்தனை பேரை மீட்க முடிந்தது என்பதில்தான் மருத்துவமனைக்கு மருத்துவமனை வித்தியாசம் தெரியும். சிக்கல் முதலில் தலைகாட்டுவது நாடியில், மூச்சில், நோயாளியின் முகத்தில். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டுப் போய்விடுவார். மீதி நேரமெல்லாம் அங்கே இருப்பது செவிலியர். அவர் பார்த்தால்தான் டாக்டருக்குத் தகவல் போகும், தகவல் போனால்தான் மருந்து வரும்.

பார்ப்பதற்கு நேரம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மணி நேர டூட்டி என்றால் 720 நிமிடம். 46 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் சொச்சம். ஊசி, மருந்து, டிரிப், கட்டு, பதிவேடு, போன், புது அட்மிஷன், இறந்தவரின் உடலை ஒப்படைப்பது எல்லாமே இந்தப் பதினைந்து நிமிடத்துக்குள். ஒருவருக்கு நாடி, பி.பி., காய்ச்சல், மூச்சு நான்கையும் பார்த்து எழுத ஐந்து நிமிடம் பிடிக்கும். 46 பேரைச் சுற்றிவர 230 நிமிடம், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று உத்தரவு இருந்தால், கடைசிப் பாய்க்கு வந்து சேரும்போதே முதல் கட்டிலுக்கு அடுத்த முறை வந்துவிடும். நடுவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் அத்தனையும் அங்கேயே நின்றுவிடும்.

எய்கன் குழுவினர் ஒரு கட்டுரையோடு நிறுத்தவில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் 4,22,730 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நாடு வேறு, மொழி வேறு, காப்பீட்டு முறை வேறு. விடை மட்டும் அதே 7%.

இதைப் படித்துச் சட்டமாக்கிய இடங்கள் உண்டு. ஆய்வு வருவதற்கு முன்பே செவிலியர்கள் போராடிச் சட்டம் வாங்கிய இடமும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1999-இல் சட்டம் நிறைவேறி 2004-இல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளிக்கு ஒரு செவிலியர். பொது வார்டில் ஆறுக்கு ஒருவர் என்று தொடங்கி, பிறகு ஐந்துக்கு ஒருவர். அடுத்த கட்டத்தைத் தள்ளிப்போட அன்றைய ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் முயன்றபோது செவிலியர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போய் வென்றது. வேல்ஸ் நாடு 2016-இல் சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலும் அதே ஆண்டு ஜூலையில் சட்டம் வந்தது: பகலில் நான்கு நோயாளிக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர்.

குயின்ஸ்லாந்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'செவிலியர் அதிகமுள்ள மருத்துவமனை மற்ற வகையிலும் வசதியானதாக இருக்கலாம், அதனால் சாவு குறைந்திருக்கலாம்' என்பது இந்த ஆய்வுகள் மீது வைக்கப்படும் நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அங்கே கிடைத்தது. சட்டம் பொருந்திய 27 மருத்துவமனைகளையும் பொருந்தாத 28 மருத்துவமனைகளையும் சட்டத்துக்கு முன்னும் பின்னும் எய்கனின் மையம் ஒப்பிட்டது. 2021-இல் வந்த முடிவின்படி, சட்டத்தால் 145 மரணங்களும் 29,222 படுக்கை நாட்களும் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். சீக்கிரம் வீடு திரும்பியதாலும், மறுபடி அட்மிட் ஆகாததாலும் மிச்சமான பணம், கூடுதல் செவிலியருக்குச் செலவான பணத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 'பணத்துக்கு எங்கே போவது?' என்று கேட்பவர்களிடம் நான் இந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

'அது அவர்கள் ஊர்க் கணக்கு, நமக்குப் பொருந்தாது' என்ற பேச்சை எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். உடம்புக்கு ஊர் கிடையாது. ரத்தம் கசிந்தால் நாடி எகிறுவது பென்சில்வேனியாவிலும் அப்படித்தான், பெரியகுளத்திலும் அப்படித்தான். நம் வார்டுகளில் உண்மையாகவே வேறுபடுவது ஒன்று உண்டு. நம்மிடம் கணக்கில் வராத செவிலியர்கள் இருக்கிறார்கள். டிரிப் பாட்டில் தீர்வதைப் பார்த்துச் சொல்லும் மனைவி, மூத்திரப் பை நிறைந்ததும் ஓடிவரும் மகள், ராத்திரி முழுக்கக் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து மூச்சை எண்ணும் அம்மா. நம் மருத்துவமனைகள் நடப்பது இவர்கள் தயவில். கூலி இழந்து, சோறு தண்ணீர் இல்லாமல் அவர்கள் செய்யும் வேலைக்குப் பயிற்சியும் இல்லை, ஊதியமும் இல்லை. அப்படி ஒருவரும் இல்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்துவிட்டேன்.

அளவுகோலே இல்லாத நாடு அல்ல நம் நாடு. இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்தது இருக்கிறது: கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்பில் போவோருக்காக 30% கூடுதல். 1946-இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு அறிக்கை தந்தபோது, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருந்தார். அங்கிருந்து நெடுந்தூரம் வந்திருக்கிறோம் என்பதையும் மறுக்க மாட்டேன். குறை எங்கே என்றால், அந்த அளவுகோலை மீறினால் யாரும் கேட்பதில்லை. மெமோ வருவதும் இல்லை.

பணியிடக் கணக்கும் ஷிஃப்ட் கணக்கும் வேறு வேறு என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வார்டில் 24 மணி நேரமும் ஒரு செவிலியர் நிற்க வேண்டுமானால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்தால் மூன்றரைப் பேர் தேவை. விடுப்பைச் சேர்த்தால் கிட்டத்தட்ட ஐந்து பேர். ஆக, 'இந்த வார்டுக்கு ஐந்து செவிலியர் கொடுத்திருக்கிறோம்' என்று ஒரு கோப்பு சொன்னால், எந்த நேரத்திலும் அங்கே நிற்பது ஒருவர்தான் என்று பொருள். அந்த ஐந்து பேரில் ஒருவர் பிரசவ விடுப்பிலும் இன்னொருவர் முகாம் டூட்டியிலும் இருந்தால், மற்ற மூவரும் வார விடுமுறையைத் தியாகம் செய்கிறார்கள் என்று பொருள்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாடு ஒருமுறை சரியாகப் போட்டுக் காட்டியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்சுகளை நியமித்து, எந்த நேரத்தில் வலி எடுத்து வந்தாலும் பிரசவம் பார்க்க ஆள் இருக்கும்படி செய்தார்கள். நடுராத்திரியில் கதவு திறந்திருக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் கிராமத்துப் பெண்கள் அங்கே பிரசவத்துக்குப் போனார்கள். கட்டடம் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. ராத்திரி டூட்டிக்கு ஒரு சிஸ்டர் வந்ததுதான் புதிது. அதே மாநிலத்தில் 2015-இல் தேர்வு வாரியம் மூலம் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்து, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. தனியார் மருத்துவமனைகளின் நிலை இதைவிட மோசம். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2016-இல் அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைக்குக் குறைவான இடங்களிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. அதில் பாதிகூட வாங்காமல் நைட் டூட்டி பார்க்கும் பிள்ளைகள் இன்றும் என்னைப் பார்க்க வருகிறார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே உதவிதான்: வெளிநாடு போக அனுபவச் சான்றிதழுக்கு வழி சொல்லுங்கள் மேடம் என்பது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எய்கனின் 2002 கட்டுரையிலேயே அதற்கும் விடை உண்டு. ஒரு நோயாளி கூடும்போது செவிலியர் சோர்ந்து உடைந்துபோகும் வாய்ப்பு 23% கூடுகிறது, வேலையில் வெறுப்பு வரும் வாய்ப்பு 15% கூடுகிறது. ஆள் குறைந்தால் இருப்பவர் சோர்வார், சோர்ந்தவர் கிளம்புவார், கிளம்பினால் மேலும் ஆள் குறையும். இந்தச் சுழலை நல்லுரை சொல்லி நிறுத்த முடியாது.

கல்வியைப் பற்றி எய்கன் சொன்னது எனக்கு முதலில் வலித்தது. 2003-இல் வந்த அவருடைய அடுத்த கட்டுரை, மருத்துவமனையில் பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10% கூடினால், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 5% குறைகிறது என்றது. டிப்ளமோ படித்து 16 வருடம் ஊசி போட்டவளுக்கு அது ஒரு அடிபோல இருந்தது. என் கைகள் பட்டதாரியின் கைகளைவிட மட்டமா என்று கேட்கத் தோன்றியது. இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்துவிட்டு வார்டுக்குத் திரும்பியபோது புரிந்தது. என் கை மாறவில்லை. ஆனால், 'மூச்சு நிமிடத்துக்கு 28, சிறுநீர் நாலு மணி நேரமாக இல்லை, நோயாளி பிதற்றுகிறார், கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், இப்போதே வந்து பாருங்கள்' என்று டாக்டரிடம் போனில் அழுத்திச் சொல்லும் துணிவு வந்திருந்தது. முன்பெல்லாம் 'ஒரு மாதிரியா இருக்கார் சார்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

மேற்படிப்பு என்ற அந்த வாசலை எனக்குப் பின்னால் வருபவர்களுக்கு அகலமாகத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. நாட்டிலேயே முதன்முதலாகச் செவிலியத்துக்குப் பட்டப்படிப்பு 1946-இல் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று டெல்லி, மற்றொன்று வேலூர். அப்படிப்பட்ட மண்ணில், பணியில் இருக்கும் டிப்ளமோ செவிலியர் மேற்படிப்புக்காக வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறார். இன்னொரு பக்கம் கட்டடமும் பெயர்ப்பலகையும் மட்டும் இருந்து, மாணவிகள் பிரசவமே பார்க்காமல் வெளியே வரும் கல்லூரிகளும் இருக்கின்றன. பட்டம் உயிரைக் காக்கும் என்று எய்கன் சொன்னது, நோயாளியின் பக்கத்தில் நின்று படித்த பட்டத்தை.

எண்ணிக்கை, கல்வி இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக, தலைமை. 1983-இல் அமெரிக்காவில் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். நாடு முழுக்கச் செவிலியர் கிடைக்காமல் தவித்தபோது, 41 மருத்துவமனைகளில் மட்டும் செவிலியர்கள் விரும்பிச் சேர்ந்து, விட்டுப் போகாமல் இருந்தார்கள். அவற்றை 'காந்த மருத்துவமனைகள்' என்று அழைத்தார்கள். அங்கே செவிலியர் தலைவருக்கு நிர்வாகத்தின் உச்சியில் இடம் இருந்தது, வார்டில் இருப்பவரின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அவற்றில் 39 மருத்துவமனைகளை எய்கன் 1994-இல் மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிட்டபோது, இறப்பு விகிதம் 4.6% குறைவாக இருந்தது. செவிலியரின் குரலுக்கு இடம் கொடுத்ததில் பிழைத்தவர்கள் நோயாளிகள்.

நான் கண்காணிப்பாளராக இருந்த ஒரு மருத்துவமனையில் 100 படுக்கைகள் கொண்ட புதுக் கட்டடத்துக்கான கூட்டம் நடந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லிஃப்ட், ஆக்சிஜன் குழாய், ஏசி, தரைக்கல்லின் நிறம் வரைக்கும் பேசினார்கள். என் முறை வந்தபோது படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் எத்தனை வேண்டும் என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு, "சார், இந்த நூறு படுக்கைக்குச் செவிலியர் பணியிடம் எத்தனை?" என்று கேட்டேன். "அதைப் பிறகு பார்த்துக்கலாம்மா" என்றார்கள். கட்டடம் திறந்த நாளில் மேளம் கொட்டியது. பழைய கட்டடத்திலிருந்து செவிலியர்களைப் பாதியாகப் பிரித்து அங்கே அனுப்பினோம். இரண்டு கட்டடத்திலும் பற்றாக்குறை வந்தது.

1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, செவிலியருக்கும் பேறுகால உதவியாளருக்கும் தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. கல்வித் தரத்தையும் பதிவையும் ஒழுங்குபடுத்த அது தேவைதான். ஆனால் ஒரு ஷிஃப்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றலாம். மக்கள் நல்வாழ்வில் நாட்டுக்கு முன்னோடி என்று பெருமைப்படும் மாநிலத்துக்கு இது முடியாத காரியம் அல்ல.

நான் கேட்பவை நான்கு. செவிலியர் விகிதத்தை ஷிஃப்ட் வாரியாகச் சட்டமாக்குங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவைச் சிகிச்சை வார்டிலும் தொடங்குங்கள். பணியில் இருக்கும் டிப்ளமோ செவிலியர் ஊதியத்தோடு மேற்படிப்பு முடிக்க இடங்களைக் கூட்டுங்கள். படுக்கை கூட்டும் எந்தக் கோப்பும் செவிலியர் கண்காணிப்பாளரின் கையெழுத்து இல்லாமல் நகரக் கூடாது என்று விதி செய்யுங்கள். நான்காவது செலவே இல்லாதது: அரசோ தனியாரோ, ஒவ்வொரு வார்டின் வாசலிலும் ஒரு கரும்பலகை மாட்டி, இன்றைய ஷிஃப்டில் நோயாளி எத்தனை, செவிலியர் எத்தனை என்று எழுதிவையுங்கள். ஒரு நோயாளி இறந்து விசாரணை வந்தால், அந்த இரண்டு எண்களும் விசாரணை அறிக்கையின் முதல் வரியில் இருக்கட்டும்.

இதைப் படிக்கும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் அப்பாவையோ குழந்தையையோ மருத்துவமனையில் சேர்க்கும்போது, டாக்டர் யார், ஸ்கேன் வசதி உண்டா, ஏசி அறை கிடைக்குமா என்றெல்லாம் கேட்பீர்கள். அதோடு, 'ராத்திரி இந்த வார்டில் எத்தனை சிஸ்டர், எத்தனை நோயாளி?' என்றும் கேளுங்கள். வார்டில் நிற்கும் சிஸ்டரிடம் கோபமாகக் கேட்காதீர்கள். அவருக்கு விடை தெரியும், மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. நிர்வாகத்தின் அறையில் கேளுங்கள், உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். பத்தாயிரம் பேர் கேட்டால் எண்ணத் தொடங்குவார்கள்.